பண்ணையில் விடுபட்ட பிராய்லர் கோழி: வீட்டில் நெடுநாள் வளர்க்க இயலுமா?

செம்பருத்திவேலி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். உடுமலைப்பேட்டைக்கு அருகே எங்கள் தோட்டத்தை ஒட்டினாற்போல் ஒரு பிராய்லர் பண்ணை இருக்கிறது. சென்ற வாரம் அங்கே ஒரு பேட்ச் கோழிகளைப் பிடித்து வண்டியில் ஏற்றிச் சென்ற மறுநாள், எங்கள் சோளத்தட்டுப் போருக்கு அடியில் ஒரு வெள்ளைக் கோழி ஒடுங்கிக் கிடந்தது. பண்ணைக்காரரிடம் எடுத்துச் சென்று கொடுத்தபோது, கம்பெனிக் கணக்கு முடிந்துவிட்டதாகவும் நாங்களே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார். ஐந்து வாரக் கோழி, பெட்டை. என் மகள் அதற்கு வெள்ளச்சி என்று பெயர் வைத்துவிட்டாள். இனி அதை அறுக்கும் பேச்சு எங்கள் வீட்டில் இல்லை.

எங்களிடம் நாட்டுக்கோழிகள் பல காலமாக இருக்கின்றன. ஆனால் அவற்றை வளர்த்த பழக்கம் இதற்கு உதவவில்லை. பண்ணைக்காரர் கொடுத்த தீவனத்தைத் தட்டு நிறைய வைத்தால், வெள்ளச்சி தட்டின் முன் உட்கார்ந்தபடியே தின்று முடித்து, அங்கேயே நெஞ்சைத் தரையில் ஊன்றிப் படுத்துவிடுகிறது. சற்றுத் தொலைவு நடந்தாலே வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. ஊசி போட்டு வளர்த்த கோழி இரண்டு மாதத்துக்கு மேல் தாங்காது என்று அக்கம்பக்கத்தார் எல்லோரும் சொல்கிறார்கள். இது உண்மையா? என்ன தீவனம், எவ்வளவு கொடுக்க வேண்டும்? நாட்டுக்கோழிகளோடு சேர்த்து விடலாமா? இவ்வினக் கோழியை வளர்ப்புப் பறவையாக வைத்திருந்தவர்கள் இருந்தால் வழிகாட்டுங்கள்.


பழைய மேற்பார்வையாளர்

வணக்கம் சகோதரி. பல்லடம், உடுமலை வட்டாரங்களில் கம்பெனிக்காகக் கோழி வளர்த்துக் கொடுக்கும் ஒப்பந்தப் பண்ணைகளைச் சுற்றி வந்து மேற்பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பின்னர், பிராய்லர் குஞ்சு பொரிக்க முட்டையிடும் கோழிகளை வளர்க்கும் தாய்க்கோழிப் பண்ணையிலும் வேலை செய்திருக்கிறேன். உங்கள் கேள்விக்கான விடை அந்தத் தாய்க்கோழிப் பண்ணையில்தான் இருக்கிறது.

முதலில் ஊசியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வளர்ச்சிக்கென்று ஹார்மோன் ஊசி எதுவும் போடப்படுவதில்லை. ஆயிரக்கணக்கான கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போடுவது எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாகாது. பிராய்லர் குஞ்சுகளுக்குக் கொடுக்கப்படுபவை வெள்ளைக் கழிச்சல், கம்போரா நோய்களுக்கான தடுப்பு மருந்துகள். அவையும் பெரும்பாலும் கண்ணில் சொட்டாகவோ குடிநீரிலோ தரப்படுகின்றன. இந்த வளர்ச்சி முழுவதும் இனத்தேர்வின் விளைவு. அமெரிக்காவில் 1948இல் ‘நாளைய கோழி’ என்ற போட்டியின் இறுதிச் சுற்று நடந்த காலந்தொட்டு, அகன்ற நெஞ்சுள்ள கார்னிஷ் இனத்தையும் பிளைமவுத் ராக் போன்ற இனங்களையும் கலந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் வேகமாக வளர்பவற்றையே தேர்ந்தெடுத்து வந்திருக்கிறார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலங்களைச் சேர்ந்த கோழி வகைகளை ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். 56ஆம் நாளில் அவற்றின் சராசரி எடை முறையே 905 கிராம், 1.8 கிலோ, 4.2 கிலோ. தீவனமும் ஒன்று, கவனிப்பும் ஒன்று. மாறியது இரத்தவழி மட்டுமே.

இப்படித் தேர்ந்தெடுத்தபோது நெஞ்சுச் சதை பெருகிய அளவுக்கு இதயமும் நுரையீரலும் வலுப்பெறவில்லை. எலும்பு முற்றுவதற்கு முன்பே கால்கள் பாரத்தைத் தாங்க வேண்டியதாகிறது. போதும் என்று நிறுத்திக்கொள்ளும் உணர்வும் இந்த இனத்தில் மங்கிப்போயிருக்கிறது. நாட்டுக்கோழி இரைப்பை நிறைந்ததும் நகர்ந்துவிடும், வெள்ளச்சி நகராது. அதன் பசியை நம்பித் தீவனம் வைக்காதீர்கள்.

இப்போது தாய்க்கோழிக்கு வருகிறேன். வெள்ளச்சியைப் பெற்ற கோழியும் ஏறத்தாழ இதே உடல்வாகு கொண்டதுதான். ஆனால் அது 24, 25 வாரத்தில் முட்டையிடத் தொடங்கி, 60 வாரத்துக்கும் மேல் உயிரோடு இருந்து, 170 முட்டைகளுக்கு மேல் இடுகிறது. எப்படி? முதல் சில வாரங்களுக்குப் பிறகு அதற்குத் தீவனம் நிறுத்து அளந்துதான் கொடுக்கப்படுகிறது. 20 வார வயதில் அதன் எடை ஏறத்தாழ 2.2 கிலோ இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். பண்ணையில் விருப்பம்போல் தின்ற வெள்ளச்சி அந்த எடையை ஐந்தாம் வாரத்திலேயே எட்டியிருக்கும். ஆகவே இரண்டு மாதத்துக்கு மேல் தாங்காது என்பது கோழியின் விதியன்று, தட்டு நிறையத் தீவனம் வைப்பதன் விளைவு.

செய்ய வேண்டியது இதுதான். பண்ணைக்காரர் கொடுத்த ஃபினிஷர் தீவனத்தை, அதாவது விற்பனைக்கு முந்தைய கடைசிக் கட்டத் தீவனத்தை, நிறுத்துங்கள். அது எரிசக்தி மிகுந்த தீவனம். அதற்குப் பதிலாக முட்டைக்கோழி வளர்பருவத்துக்கான குரோயர் தீவனத்தை, புரதம் 16 விழுக்காடு அளவில் இருப்பதாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் கலந்து ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள். இந்த வயதில் விட்டால் நாளொன்றுக்கு 150 கிராமுக்கு மேல் தின்னும். அதைப் பத்து நாளில் மெதுவாகக் குறைத்து 90 முதல் 100 கிராமுக்குக் கொண்டுவந்து, காலையிலும் மாலையிலுமாகப் பிரித்துக் கொடுங்கள். ஒரேயடியாகப் பாதியாக்கிவிடாதீர்கள். முட்டைக்கோழிக்கான லேயர் தீவனத்தை இப்போது கொடுக்கக் கூடாது; அதிலுள்ள மிகுதியான சுண்ணாம்புச் சத்து, முட்டையிடத் தொடங்காத கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வாரத்துக்கு ஒரு முறை, ஒரே கிழமையில், காலைத் தீவனத்துக்கு முன் எடை பாருங்கள். கட்டைப் பையில் கோழியை இறக்கி, தலை மட்டும் வெளியே தெரியும்படி வைத்து, கொக்கித் தராசில் மாட்டினால் துள்ளாமல் நிற்கும். எடையைக் குறைப்பது நோக்கமன்று. வேகத்தைக் குறைப்பதே நோக்கம். வாரத்துக்கு 50 கிராமுக்கு மேல் ஏறினால் தீவனத்தைச் சற்றுக் குறையுங்கள். எடை இறங்கினாலோ, நெஞ்செலும்பு கத்திபோல் கையில் தட்டுப்பட்டாலோ கூட்டுங்கள்.


கிணற்றடி

அன்புள்ள தங்கைக்கு, ஆனைமலைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு பிராய்லர் பெட்டை ஓராண்டைக் கடந்து நலமாக இருக்கிறது. மேலே ஐயா எழுதியுள்ள தீவனக் கணக்கைத்தான் நாங்களும் பின்பற்றுகிறோம். அதனோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியவை கால், தரை, வெயில் ஆகியவை.

தீவனத் தட்டை அதன் முன் வைப்பதை விட்டுவிட்டு, அளந்த தீவனத்தில் பாதியைக் கிளறித் தின்னும்படி காய்ந்த சருகின் மேல் தூவிவிடுங்கள். தண்ணீர் ஒரு மூலையிலும் தீவனம் எதிர்மூலையிலும் இருக்கட்டும். தொடக்கத்தில் இரண்டடி நடந்து உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தால் விரட்டக் கூடாது, அதுவாக எழட்டும். சில வாரங்களில் கால் தசை இறுகுவதைத் தொட்டுப் பார்த்தே உணரலாம். எங்கள் கோழி இப்போது மாட்டுக்கொட்டகை வரை தானாக வந்து, சாணிக்குவியலைக் கிளறிப் புழு பொறுக்குகிறது. பண்ணைக் கோழிக்குக் கிளறத் தெரியாது என்பார்கள். அதற்கு மண்ணும் இடமும் கிடைத்ததில்லை, அவ்வளவுதான்.

டைல்ஸ், சிமெண்டுத் தரையில் விடவே விடாதீர்கள். வழுக்கும் தரையில் கால் அகன்றுபோனால் திரும்பச் சேராது. இரவில் அடைக்கும் இடத்தில் நெல் உமியோ நிலக்கடலைத் தோலோ நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பி, நாள்தோறும் கிளறிவிட்டு, ஈரமான பகுதியை அள்ளி மாற்றுங்கள். கூளம் ஈரமாகி நெடியேறினால், எப்போதும் படுத்தே இருக்கும் இந்தக் கோழிக்கு நெஞ்சிலும் முழங்காலிலும் தோல் வெந்து புண்ணாகும். நாட்டுக்கோழிக்குப் போடுவதைப்போல் உயரத்தில் கட்டை போடாதீர்கள். ஏறத் தவிக்கும், குதித்தால் கால் போய்விடும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அகலமான பலகை போதும். பறந்து தப்ப முடியாத கோழி என்பதால் கீரி, பூனை, நாய் நுழையாதபடி இரவில் கூண்டைக் கட்டாயம் பூட்ட வேண்டும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. உடல் பருத்த கோழியால் அலகை வளைத்துத் தன் பின்புறத்தைச் சுத்தம் செய்ய முடியாது. அங்கே எச்சம் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் ஈ மொய்த்து முட்டையிட்டு, ஒரே நாளில் புழு வைத்துவிடும். தினமும் மாலையில் வாலைத் தூக்கிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்திவிடுங்கள். சாம்பலும் மணலும் கலந்த குழி ஒன்று நிழலில் இருந்தால் அதிலேயே புரண்டு தன் மேலைத் தூய்மை செய்துகொள்ளும்.

சித்திரை, வைகாசி வெயில்தான் இதற்குப் பெரும் எதிரி. கோழிக்கு வியர்க்காது, மூச்சு வாங்கித்தான் உடற்சூட்டைத் தணிக்க வேண்டும். செரிமானமே உடலைச் சூடாக்கும் என்பதால் அந்த மாதங்களில் விடியும்போதும் வெயில் தாழ்ந்த பிறகும் மட்டும் தீவனம் கொடுங்கள். பத்து மணி முதல் நான்கு மணி வரை தென்னங்கீற்று நிழல், ஓரத்தில் ஈரச்சாக்கு, மண்சட்டியில் குளிர்ந்த நீர் ஆகியவை இருக்க வேண்டும். தீவனம்தான் அளவு, தண்ணீருக்கு ஒருபோதும் அளவு வைக்காதீர்கள்.


தெளிநீர்

அனைவர் கருத்தையும் மதித்தே இதைக் கேட்கிறேன். ஓர் உயிரை அன்போடு வளர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு, அது பசியோடு தட்டைக் கொத்திக்கொண்டிருக்கும்போது நாம் எழுந்து போவது கொடுமையில்லையா? விருப்பம்போல் தின்று, சில மாதங்கள் மகிழ்ச்சியாக வாழ்ந்து மறைவது அதற்கு நல்லதாக இருக்கலாம் அல்லவா? வாழ்நாளை நீட்டுவது கோழிக்காகவா, நமக்காகவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.


பழைய மேற்பார்வையாளர்

தெளிநீர் அவர்களின் கேள்வி நியாயமானது, தட்டிக்கழிக்க முடியாதது. தாய்க்கோழிப் பண்ணைகளில் பசி உண்மையான துன்பமாகவே இருக்கிறது. தீவனம் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். மீதி நேரமெல்லாம் காலித் தட்டைக் கொத்துவதும், வயிறு முட்டத் தண்ணீர் குடிப்பதும், ஒன்றையொன்று கொத்துவதுமாகப் பொழுது போகும். நான் அதை நேரில் பார்த்திருக்கிறேன். அதை நல்ல வாழ்க்கை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் விருப்பம்போல் தின்று மகிழ்ச்சியாக மறையும் என்பது நடப்பதில்லை. விருப்பம்போல் தின்ற பிராய்லர், பெரும்பாலும் கால் முடங்கி, தண்ணீருக்குக்கூட எழ முடியாமல் கிடந்தோ, இதயம் ஈடுகொடுக்காமல் வயிற்றில் நீர்கோத்து நாள்கணக்கில் மூச்சுத் திணறியோ இறக்கிறது. நடக்கும்போது அதற்கு வலிக்கிறது, வலிப்பதால் படுக்கிறது, படுத்தே இருப்பதால் கால் இன்னும் கெடுகிறது. வயிறு நிறைந்திருப்பதால் அந்த வேதனை குறைந்துவிடாது.

அதே சமயம், ஆயிரம் கோழிகளுள்ள கொட்டகையில் செய்ய முடியாததை ஒரே ஒரு கோழி உள்ள வீட்டில் செய்யலாம். எரிசக்தியைக் குறையுங்கள், வயிற்றைக் காலியாக விடாதீர்கள். அளந்த தீவனத்தில் ஒரு பங்கைக் கோதுமைத் தவிட்டோடு பிசைந்து கொடுக்கலாம். முருங்கைக்கீரை, அகத்தி, நீரில் மிதந்து வளரும் அசோலா, முட்டைக்கோசின் வெளி இலைகள், வெள்ளரித் தோல் ஆகியவற்றை அலகுக்கு எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால், நாள் முழுவதும் நின்று, இழுத்துக் கொத்திக்கொண்டிருக்கும். வயிறும் நிறையும், காலுக்கும் வேலை. பழஞ்சோறு, அரிசி, எண்ணெய்ப் பலகாரம் ஆகியவற்றை மட்டும் வீட்டில் யாரும் இரக்கப்பட்டுப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளும் பெரியவர்களும் உள்ள வீட்டில் இதுதான் கடினம். தீவனம் குறைத்த முதல் சில வாரங்களில் அது பின்னாலேயே வந்து கத்தும். கீரைக்கட்டைக் கொண்டுபோய்த் தொங்கவிடுங்கள்.


செம்பருத்திவேலி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. குரோயர் தீவனம் வாங்கிவிட்டோம். உமி பரப்பி, பழைய கன்றுக்குட்டிக் கொட்டிலின் ஓரத்தை வெள்ளச்சிக்கென்று தடுத்திருக்கிறோம். சோறு போடக்கூடாது என்றதும் என் மாமியார் வருந்தினார். கீரை ஆய்ந்து கட்டும் வேலையை அவரிடமே விட்டுவிட்டோம், இப்போது அவருக்கும் நிறைவுதான்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. நாட்டுக்கோழிகளோடு எப்போது சேர்த்து விடலாம்? எங்களிடம் இரண்டு சேவல்களும் உள்ளன. மேலும், நிலைமை மோசமாகிறது என்பதை எந்த அறிகுறியைக் கொண்டு தெரிந்துகொள்வது? என் மகள் பள்ளி முடிந்து வந்ததும் வெள்ளச்சியை மடியில் வைத்துக்கொள்கிறாள். அதில் ஏதும் தீங்கு உண்டா?


கால்நடை மருத்துவர், நாமக்கல்

அம்மா, மேலே நண்பர்கள் எழுதியவற்றோடு எனக்கு உடன்பாடு உண்டு. உங்கள் இறுதிக் கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

பண்ணையிலிருந்து வந்த கோழி எந்த நோய்க் கிருமியையும் சுமந்து வந்திருக்கலாம். அதேபோல் உங்கள் நாட்டுக்கோழிகளிடமிருந்தும் அதற்கு நோய் வரலாம். ஆகவே மூன்று வாரங்கள் தனியாகவே இருக்கட்டும். தீவனப் பாத்திரமும் தண்ணீர்ப் பாத்திரமும் வேறாக இருக்க வேண்டும். முதலில் நாட்டுக்கோழிகளைக் கவனித்துவிட்டு, பிறகு இதனிடம் போங்கள். எட்டு வாரம் முடிந்ததும் வெள்ளைக் கழிச்சலுக்கான தடுப்பூசியை அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் அதற்குப் போட்டுவிடுங்கள். உங்கள் நாட்டுக்கோழிகளுக்கும் அப்போதே சேர்த்துப் போடுவது நல்லது.

அதன் பிறகும் சேவல்களோடு விடாதீர்கள். நாட்டுச்சேவல் மிதிக்க வந்தால் இதனால் ஓடித் தப்ப முடியாது. முதுகுத் தோல் கிழியும், இடுப்பு மூட்டு பாதிக்கப்படும். சாதுவான ஒன்றிரண்டு பெட்டைகளைத் தேர்ந்தெடுத்து, சில நாள் கம்பிவலைக்கு இருபுறமும் வைத்துப் பழக்கிய பிறகு சேர்த்து விடுங்கள். துணையில்லாமல் எப்போதும் தனியாக இருப்பதும் கோழிக்கு நல்லதன்று. ஆனால் தீவன வேளையில் மட்டும் பிரித்துவிட வேண்டும். இல்லையென்றால் அவற்றின் பங்கையும் இதுவே தின்றுவிடும்.

அறிகுறிகளுள் முதன்மையானது கொண்டையின் நிறம். தினமும் காலையில், வெளிச்சத்தில், நடக்கவிடுவதற்கு முன் பாருங்கள். சிவப்பாக இருக்க வேண்டிய கொண்டை நுனியில் நீலம் பாய்ந்து கருஞ்சிவப்பாகத் தெரிந்தால் இதயமும் நுரையீரலும் திணறுகின்றன என்று பொருள். ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்குவதும், வயிறு நீர் நிறைந்த பைபோல் தளும்புவதும் நீர்கோத்தலின் அடையாளங்கள். குளிர் மிகுந்தால் உடலுக்கு ஆக்சிஜன் தேவை கூடும் என்பதால் மார்கழி, தை இரவுகளில் இது அதிகமாக வரும். அப்போது கூண்டின் வாடைப்பக்கத்துக்குச் சாக்குத் திரை போடுங்கள், ஆனால் காற்றோட்டத்தை அறவே அடைத்துவிடாதீர்கள். உள்ளங்காலில் கருப்புப் பொருக்கோ வீக்கமோ தெரிந்தால் ஊசியால் குத்தவோ அறுக்கவோ வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி நீங்களாகக் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும்.

முட்டையிடத் தொடங்கும் அறிகுறி ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் தென்படலாம். கொண்டையும் தாடியும் சிவந்து பெரிதாகும். அப்போது சுண்ணாம்புச் சத்துக்காகக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டிய அளவை அதுவே எடுத்துக்கொள்ளும். கொழுத்த பெட்டைக்கு முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்வதுண்டு. முக்கிக்கொண்டு, வாலை ஆட்டியபடி, பென்குயின்போல் நிமிர்ந்து நின்றால் தாமதிக்காமல் அன்றே கொண்டுவாருங்கள்.

உங்கள் மகள் மடியில் வைத்துக்கொள்வதில் தீங்கில்லை. பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். முகத்தோடு ஒட்டி முத்தமிடுவது கூடாது. சால்மோனெல்லா கிருமி நலமாகத் தோன்றும் கோழியிடமும் இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் வீட்டில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. வட்டாரத்தில் பறவைக் காய்ச்சல் அறிவிப்பு வந்தால் அது நீங்கும் வரை தூக்கி வைத்துக் கொஞ்சுவதை நிறுத்திவிடுங்கள்.

எவ்வளவு காலம் வாழும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் மகள் கேட்பாள். அளந்த தீவனத்தில் இரண்டு, மூன்று ஆண்டுகள் வாழ்ந்த பிராய்லர்கள் உண்டு. எல்லாம் சரியாகச் செய்தும் திடீரென்று ஓர் இரவில் இறந்தவையும் உண்டு. இரண்டையும் அவளிடம் இப்போதே சொல்லிவையுங்கள். எழுந்து நிற்க முடியாமல், தீவனத்தையும் மறுத்து, மூச்சுக்குத் தவிக்கும் நிலை வந்தால், அதை இழுத்தடிக்காமல் வலியின்றி முடித்துவைக்கும் வழி கால்நடை மருத்துவமனையில் உண்டு.

அடுத்த எடை எவ்வளவு காட்டுகிறது என்பதை இங்கே எழுதுங்கள். இப்போதைய எடை 2.5 கிலோவுக்கு மேல் இருந்தால் தீவன அளவை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.